சாயம் ஏறிய கை

கையில் சாயம் ஏறியிருக்கும் பூசாரி ஊராரை ஆசீர்வதிக்கலாமா? யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் இப்படி ஒரு விசாரணை வருகிறது. தொகுத்து முடித்தே சுமார் 1800 ஆண்டுகள் ஆகிவிட்டன. கையில் ஊனமோ தழும்போ உள்ள பூசாரி கை உயர்த்தி ஆசி சொல்லக் கூடாது என்கிறது அது. யூதா என்ற ரபி இன்னொருவரையும் சேர்த்துக்கொள்கிறார்: நீலச் சாயமோ மஞ்சிட்டிச் சிவப்போ கையில் ஏறியவர். தீட்டு, பாவம் என்ற பேச்சே அங்கே இல்லை. ஜனங்கள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள் என்பதுதான் சொல்லப்படும் காரணம்.

இதை விரித்துப் பேசிய தல்மூது அறிஞர்கள் இரண்டு விலக்குகள் தருகிறார்கள். ஊரில் பெரும்பாலானவர்களுக்குச் சாயத் தொழில்தான் பிழைப்பு என்றால் அந்தப் பூசாரி தாராளமாகக் கையை உயர்த்தலாம். ஊனம் உள்ளவரும், அந்த ஊருக்குப் பழகியவராக இருந்தால், உயர்த்தலாம். கை அதே கைதான். பார்க்கிற கண் பழகிவிட்டது.

நான் தொலைக்காட்சித் தொடர்களுக்கு மேக்கப் போடுகிறவன். வடபழனியில் வீடு. என் விரல் இடுக்கில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் ஒட்டியிருக்கும். தேங்காய் எண்ணெய் போட்டு எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் கொஞ்சம் தங்கிவிடும். இந்தச் சட்டத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். முகத் தொழிலில் இருப்பவனை விடாமல் துரத்தும் ஒரு கேள்வி உண்டு. பார்க்கப்படுகிறவர், பார்க்கிறவர்களுக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறார்? வேஷத்தை மட்டும் கொடுத்தால் போதுமா, வேஷத்துக்குப் பின்னால் இருக்கும் ஆளையும் கொடுக்க வேண்டுமா? அதிலும் அவர் ஒரு சிறுபான்மைக் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்றால், தன்னைப் போன்றவர்களுக்காகத் தன் வாழ்க்கையைத் திறந்து காட்டுவது அவர் கடமையா? இதற்கெல்லாம் பதில் தேடி நான் மிஷ்னாவுக்குப் போகவில்லை. ஒரு நடிகரின் காதைப் பற்றிப் படிக்கப் போய் அங்கே கொண்டுபோய் விட்டது.

அந்த நடிகர் லெனர்ட் நிமோய். ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரில் கூர்க்காதும் மேலேறிய புருவமுமாக, பாதி மனிதனும் பாதி வேற்றுக்கிரகத்தவனுமான ஸ்பாக் வேடத்தில் வந்தவர். பாடகர், பிற்காலத்தில் இயக்குநர், புகைப்படக் கலைஞர். எண்பதுகளில் தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் அந்தத் தொடரைப் பார்த்தவர்கள் இன்னும் இருப்பார்கள். ஆங்கிலம் பாதி புரியாமல் பார்த்தவன் நான். கதையைவிட அந்தக் காதின் ஓரம் தோலோடு எப்படிச் சேர்ந்திருக்கிறது என்பதில்தான் எனக்குக் கண்.

காது நுரை ரப்பரில் வார்த்தது. ஸ்பிரிட் கம் வைத்து ஒட்டி, ஓரத்தைத் தெரியாமல் அழுத்தி, மேலே நிறம் கொடுக்க வேண்டும். கழற்றும்போது ஓரம் கிழியும். அடிக்கடி புது ஜோடி வேண்டும். முதலில் செய்து வந்த காதுகள் மட்டமாக இருந்தன. மேக்கப் கலைஞர் ஃப்ரெட் ஃபிலிப்ஸ் அவற்றை ஏற்கவில்லை; வேறொரு ஸ்டூடியோவில் இருந்த தேர்ந்த கைக்காரரைப் பிடித்து நல்ல காது வார்க்கச் செய்தார். நிமோய்க்கு அப்போதும் பயம். இந்தக் காதோடு நின்றால் ஊர் சிரிக்குமே என்ற பயம். தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரி அவருக்கு ஒரு வாக்குக் கொடுத்தார்: 13 பகுதி நடி, அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் ஸ்பாக் தன் காதை அறுவை செய்து சரிசெய்துகொள்வதாக ஒரு கதையே எழுதுகிறேன்.

ஒளிபரப்பிய என்பிசி நிறுவனத்துக்கு வேறு பயம். கூர்க்காது சாத்தானை நினைவூட்டும், பக்தி மிகுந்த ஊர்களில் ஆட்கள் தொலைக்காட்சியை நிறுத்திவிடுவார்கள் என்று கவலை. விளம்பரத்துக்கு அச்சடித்த புத்தகத்தில் ஸ்பாக்கின் காதையும் புருவத்தையும் தூரிகையால் மழுங்கடித்து, சாதாரண மனிதக் காதாக ஆக்கிவிட்டார்கள். சாயக் கைப் பூசாரியைப் பின்வரிசையில் உட்காரச் சொல்வது போலத்தான். 1966 செப்டம்பரில் தொடர் வெளியானது. மாதக் கணக்கில் ரசிகர் கடிதங்கள் வந்து குவிந்தன. அதில் பெரும்பங்கு அந்தக் காதுக்காரருக்கு. ஊர் பழகிவிட்டது. அதற்குப் பிறகு காதை மறைக்க யாரும் சொல்லவில்லை.

நிமோய் பிறந்தது 1931 மார்ச் 26-இல், பாஸ்டன் நகரின் வெஸ்ட் எண்ட் பகுதியில். பெற்றோர் இன்றைய உக்ரைனில் இருக்கும் இஸியாஸ்லாவ் என்ற ஊரிலிருந்து பிழைக்க வந்த யூதர்கள். வீட்டில் இத்திஷ் மொழி. அப்பா மாக்ஸ் முடிதிருத்துபவர். பிற்காலத்தில் அவர் கடைக்கே பையன்கள் வந்து ஸ்பாக் மாதிரி வெட்டிவிடச் சொல்வார்களாம். முடிவெட்டும் நாற்காலியும் மேக்கப் நாற்காலியும் கிட்டத்தட்ட ஒன்றுதான். உட்காருபவர் கண்ணை மூடிக்கொண்டு முகத்தை முழுதாக நம்மிடம் ஒப்படைக்கிறார். முடிதிருத்துபவர் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு அந்த நம்பிக்கையின் கனம் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

எட்டு வயதுவாக்கில் பண்டிகை நாளொன்றில் அப்பாவோடு தொழுகைக் கூடத்துக்குப் போகிறான் பையன். முதல் தலைமைப் பூசாரி ஆரோனின் வழிவந்தவர்களாகக் கருதப்படும் கொஹேன்கள், அதாவது பூசாரி மரபினர், செருப்பைக் கழற்றுகிறார்கள். பூசாரிகளுக்குத் துணை நிற்கும் லேவியர்கள் அவர்கள் கையில் தண்ணீர் ஊற்றுகிறார்கள். தல்லித் என்னும் தொழுகைப் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்து முகத்தையும் கையையும் மூடிக்கொண்டு கொஹேன்கள் ஜனங்களை நோக்கித் திரும்புகிறார்கள். போர்வைக்குள் இரண்டு கைகளும் உயர்கின்றன. சுண்டுவிரலும் மோதிரவிரலும் ஒருபக்கம், நடுவிரலும் ஆள்காட்டிவிரலும் மறுபக்கம், நடுவே பிளவு. கடவுளின் பெயர்களில் ஒன்றுக்கு முதலெழுத்தான ‘ஷின்’ வடிவம் அது. பைபிளின் எண்ணாகமம் ஆறாம் அதிகாரத்தில் உள்ள ஆசிமொழி, எபிரேயத்தில் பதினைந்தே சொற்கள். ஒவ்வொரு சொல்லையும் இழுத்து, உரக்க, ஏறக்குறைய அலறலாகச் சொல்கிறார்கள். கூடியிருப்பவர்களும் பார்க்கக் கூடாது. தங்கள் போர்வையால் முகத்தை மறைத்துக்கொள்ள வேண்டும். அப்பா பையனைக் கண்ணை மூடச் சொல்கிறார். பையன் பார்த்துவிட்டான்.

பார்த்ததோடு விடவில்லை. விரலைப் பிரிக்கப் பழகிக்கொண்டான்.

ஏன் பார்க்கக் கூடாது என்பதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. ஷெகினா எனப்படும் இறைவனின் இருப்பு அந்த நேரத்தில் அங்கே இறங்குகிறது, மனிதக் கண் தாங்காது என்பது ஒன்று. தல்மூதிலேயே ஓர் இடத்தில், மூன்றைப் பார்ப்பவர் கண் மங்கும் என்று வருகிறது: வானவில், சமூகத்தின் தலைவர், எருசலேம் கோயில் இருந்த காலத்தில் ஆசி சொல்லும் பூசாரிகள். வானவில்லோடு தலைவரையும் சேர்த்திருப்பது என்னை அசைத்தது. புகழ்பெற்றவரை உற்றுப் பார்ப்பதால் பார்ப்பவருக்கே கேடு என்று அந்தக் காலத்திலேயே யாரோ கண்டிருக்கிறார்கள். இரண்டாவது விளக்கம் எளிமையானது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் எகிப்தில் இருந்துகொண்டு சட்டங்களை ஒழுங்குபடுத்திய மைமோனிடீஸ், கவனம் சிதறக் கூடாது என்பதற்காகவே பார்க்க வேண்டாம் என்கிறார். ஆசியைக் கேட்க வந்தவர் ஆசி சொல்பவரின் மூக்கையும் முடியையும் எடைபோட்டுக்கொண்டிருந்தால் ஆசி யாருக்குப் போய்ச் சேரும்? நான் இந்த இரண்டாவது விளக்கத்தோடு நிற்பவன். என் தொழில் அனுபவம் முழுவதும் அதற்குச் சாட்சி.

1967 செப்டம்பர் 15 அன்று தொடரின் இரண்டாம் ஆண்டு தொடங்கியது. தியோடர் ஸ்டர்ஜன் எழுதிய கதை. ஸ்பாக் கல்யாணத்துக்காகத் தன் கிரகத்துக்குத் திரும்ப வேண்டும். அவன் இனத்தவரைக் கூட்டமாக ரசிகர்கள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. இவர்கள் ஒருவரை ஒருவர் சந்திக்கும்போது ஒரு வணக்கமுறை வேண்டாமா என்று நிமோய் இயக்குநர் ஜோசஃப் பெவ்னியிடம் கேட்டார். என்ன செய்யலாம் என்று பேச்சு வந்தபோது, எட்டு வயதில் பார்க்கக் கூடாதபோது பார்த்த கையை உயர்த்திக் காட்டினார். மூதாட்டியாக நடித்த செலியா லோவ்ஸ்கிக்கு விரல் தானாகப் பிரியவில்லை. கேமராவுக்குத் தெரியாத இடத்தில் மறுகையால் விரல்களைப் பிரித்து வைத்துக்கொண்டு கையை மேலே கொண்டுவந்தாராம். படப்பிடிப்பில் இப்படிப்பட்டதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். திரையில் அருளாகத் தெரியும் ஒன்றுக்குக் கீழே, சட்டகத்துக்கு வெளியே, இன்னொரு கை வேலை செய்துகொண்டிருக்கும்.

அந்த வணக்கம் உலகம் முழுவதும் பரவியது. தெருவில் போகும் முன்பின் தெரியாதவர்கள் அவரைப் பார்த்துக் கையை உயர்த்தினார்கள். ஒருவரை ஒருவர் ஆசீர்வதிக்கிறோம் என்று தெரியாமலே செய்கிறார்கள் என்று நிமோய் பேட்டிகளில் மகிழ்ச்சியோடு சொல்லியிருக்கிறார்.

போர்வைக்குள் இருக்க வேண்டியதைக் கடைத்தெருவுக்குக் கொண்டுவந்துவிட்டாரே என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். எனக்குத் தோன்றுவது இது. விரலின் வடிவத்தை வெளியே கொண்டுவந்தவர், தன் முகத்தைப் போர்த்திக்கொண்டுதான் அதைச் செய்தார். காது, புருவம், மஞ்சள் கலந்த நிறம், ஒரு சதையும் அசையாத முகம்: இவைதான் அவருடைய தல்லித். கையைக் காட்டியது ஸ்பாக். நிமோய் உள்ளே இருந்தார். போர்வை இல்லாமல், ‘நான் யூதன், இது எங்கள் வழிபாட்டு முத்திரை’ என்று அன்றைய அமெரிக்கத் தொலைக்காட்சியில் அவர் நின்றிருந்தால் எல்லோரும் நிமோயைப் பார்த்திருப்பார்கள். கையை யாரும் எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். யூதரா, எந்த வகை யூதர், பக்திமானா இல்லையா என்ற விசாரணை அன்றே ஆரம்பித்திருக்கும். தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரியும்படி அவர் காட்டினார். விளக்கம் சொல்லும் நாள் வந்தபோது தயங்காமல் வாயைத் திறந்து சொன்னார். எப்போது சொல்வது என்பதைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். இதைக் கோழைத்தனம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

போர்வை வழிபாட்டுக் கூடத்துக்குள் மட்டும்தான் காக்கும் என்பதையும் அதே ஆண்டில் அவர் கற்றுக்கொண்டார். 1967 வசந்த காலத்தில் ஓரிகன் மாநிலத்தின் மெட்ஃபோர்ட் ஊரில் பேரிக்காய்ப் பூ விழா. ஊர்வலத்தில் தலைமை விருந்தினராக ஸ்பாக் வேடத்திலேயே, காதை ஒட்டிக்கொண்டு போனார். கூட்டம் பின்னாலேயே பூங்கா வரை வந்து நெருக்கியது. காவலர்கள் புகுந்து மீட்க வேண்டியதாகிவிட்டது. அதற்குப் பிறகு பொது இடத்துக்கு அந்த வேடத்தில் அவர் போகவே இல்லை. இது எங்கள் யூனிட்டில் எல்லோருக்கும் தெரிந்த பாடம். வேஷத்தோடு டீக்கடைக்குப் போகாதே என்று புதிதாக வரும் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிவிடுவோம். செட்டுக்குள் அந்த முகம் ஒரு காவல். வெளியே வந்தால் அதுவே ஆளைப் பிடித்துக் கொடுத்துவிடும்.

விமான நிலையத்தில் நடந்த ஒன்றை அவர் எழுதியிருக்கிறார். ஒரு தாய் தன் குழந்தையை அவர்முன் கொண்டுவந்து நிறுத்துகிறார். உனக்குப் பிடித்தவர் யார் பார் என்கிறார். குழந்தைக்கு ஒன்றும் விளங்கவில்லை. காது இல்லாத இந்த மாமாவை அது எங்கே பார்த்தது? ‘நான் ஸ்பாக் இல்லை’ என்ற தலைப்பு அவருக்கு அங்கிருந்துதான் வந்தது. 1975-இல் அந்தப் புத்தகம் வெளியானபோது உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமலே பல ரசிகர்கள் கோபப்பட்டார்கள். தங்களையே உதறிவிட்டதாக நினைத்தார்கள். உள்ளே அவரும் ஸ்பாக்கும் பேசிக்கொள்ளும் உரையாடல்கள்கூட இருக்கின்றன. இருபது ஆண்டுகள் கழித்து, 1995-இல், ‘நான் ஸ்பாக்’ என்று இன்னொரு புத்தகம். முதலில் மறுத்தவர் பிறகு பணிந்துவிட்டார் என்று இதைச் சொல்கிறார்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. ஆசி சொல்லும் கொஹேனிடம் கேட்டாலும் இரண்டு பதிலும் வரும். ஆசி என்னுடையது இல்லை. ஆனால் கை என்னுடையது.

அவர் பாட்டைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். டாட் ரெகார்ட்ஸ் நிறுவனத்துக்காக ஐந்து இசைத்தட்டுகள். 1967-இல் வந்த முதல் தட்டு முழுக்க ஸ்பாக்கின் பெயரைச் சொல்லித்தான் விற்றது. அடுத்த ஆண்டு வந்த தட்டின் பெயரே லெனர்ட் நிமோயின் இரு பக்கங்கள். ஒரு பக்கம் ஸ்பாக்காகவும் மறுபக்கம் தானாகவும் பாடினார். அதற்கடுத்த தட்டுகளில் ஸ்பாக் இல்லை. கனத்த குரல், சுருதி சில இடங்களில் தள்ளாடும், பெரிய பாடகர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கேட்கும்போது எனக்கு ஒன்று புரிந்தது. இசைத்தட்டில் முகம் கிடையாது. காதும் புருவமும் அங்கே செல்லாது. வாரம் முழுவதும் உணர்ச்சியைக் கட்டிவைத்து நடித்த ஆள், யாரும் முகத்தைப் பார்க்காத ஓர் இடத்தைத் தேடிப் போய் அங்கே காதல் பாட்டும் நாட்டுப் பாட்டும் பாடியிருக்கிறார்.

தொடர் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் அவருக்குக் குடிப்பழக்கம் பிடித்துக்கொண்டது. பார்வையாளர் யாருக்கும் அப்போது தெரியாது. 2001-இல் சக நடிகர் வில்லியம் ஷாட்னரோடு பேசிய ஆவணப்படத்தில் அவராகவே சொன்னார். காலை ஆறரைக்கு நாற்காலியில் உட்காரும் முகம் முந்தின இரவை மறைக்காது. கண்ணுக்குக் கீழே வீக்கம், தோலில் வறட்சி, மூச்சில் வாடை. இதெல்லாம் எந்த மேக்கப்காரருக்கும் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருப்பதுதான் இந்தத் தொழிலின் முதல் ஒழுக்கம். அழுத முகங்கள், அடி வாங்கிய முகங்கள், விடிய விடிய மருத்துவமனையில் இருந்துவிட்டு நேராகக் கால்ஷீட்டுக்கு வந்த முகங்கள் எல்லாம் என் ஸ்பாஞ்சுக்கு அடியில் இருந்திருக்கின்றன. 

இங்கே என் கண்முன் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சம்பந்தப்பட்டவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். ஓர் அம்மன் தொடர். கிராமத்துக் கோயில் வாசலில் படப்பிடிப்பு. நடிகைக்கு முகத்தில் மஞ்சள் ஏற்றி, நெற்றியில் பெரிய குங்குமம், கண்ணில் கனமான மை, தலையில் கிரீடம், மூக்கில் புல்லாக்கு எல்லாம் வைத்து முடித்திருந்தேன். ஷாட்டுக்குக் காத்திருந்த இடைவெளியில் ஒரு கிழவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, கையிலிருந்த பேரக்குழந்தையை அவர் மடியில் போட்டுவிட்டார். குழந்தைக்குக் காய்ச்சல் வந்து வந்து போகிறதாம். ‘ஒரு தடவ தொட்டு விடு தாயி’ என்றார். உதவி இயக்குநர் தடுக்கப் போனார். நடிகை கையால் வேண்டாம் என்று காட்டிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கேள்வி இருந்தது. நான் குங்குமத் தட்டை நீட்டினேன். என் மேக்கப் பெட்டிக் குங்குமம், கடையில் வாங்கியது. அவர் குழந்தையின் நெற்றியில் இட்டு, கொஞ்ச நேரம் கையை எடுக்காமல் வைத்திருந்தார். பிறகு கிழவியிடம், ‘பாட்டி, இன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டிடுங்க, சரியா’ என்றார். யூனிட் வண்டியிலேயே பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார்.

சாயங்காலம் எண்ணெய் போட்டு மஞ்சளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கேட்டார்: ‘அண்ணே, நான் செஞ்சது தப்பா? எனக்கு என்ன தகுதி இருக்கு?’

அந்த நடிகையின் வீட்டில் எந்தச் சாமி, அவர் கோயிலுக்குப் போகிறவரா, சாமியே இல்லை என்கிறவரா என்பது எனக்குத் தெரியும். இங்கே எழுதப் போவதில்லை. அது தெரிந்தவுடன் நீங்கள் அந்தக் கையை விட்டுவிட்டு அவரைப் பார்க்க ஆரம்பித்துவிடுவீர்கள்.

அவர் கேட்டதற்கு அன்று சரியான பதில் என்னிடம் இல்லை. பிறகு மைமோனிடீஸிடம் கிடைத்தது. ஒழுக்கத்தில் தேர்ந்தவராக இல்லாத, ஊரில் நல்ல பேர் இல்லாத கொஹேனாக இருந்தாலும் ஆசி சொல்வதைத் தடுக்கக் கூடாது என்கிறார் அவர். இந்தச் சாதாரண ஆளின் ஆசியால் என்ன பயன் என்று கேட்காதே. பலன் கொஹேனிடமிருந்து வருவதில்லை, கடவுளிடமிருந்து வருகிறது. கொஹேனின் வேலை சொல்வது. எண்ணாகமத்திலும் ஆசிமொழிக்கு அடுத்த வசனத்தில் அதே பொருள்தான் வருகிறது: அவர்கள் என் பெயரை ஜனங்கள்மேல் வைப்பார்கள், ஆசீர்வதிப்பவன் நான். தகுதியை அளந்துவிட்டுத்தான் கை உயர்த்த வேண்டும் என்றால் உலகத்தில் ஒரு கையும் உயராது.

ஆனால் சட்டம் ஓர் எல்லையையும் வைத்திருக்கிறது. மனிதனைக் கொன்ற கொஹேன் கை உயர்த்த முடியாது. தவறுதலாகக் கொன்றிருந்தாலும் முடியாது. இந்த எல்லை இருப்பதால்தான் மற்ற இடங்களில் அந்தச் சட்டம் இவ்வளவு தாராளமாக இருக்க முடிகிறது என்று நம்புகிறேன். எங்கள் தொழிலில் அந்தரங்கம் என்ற சொல்லைத் தப்பான ஆட்களும் பயன்படுத்துகிறார்கள். கேரவனுக்குள் ஒரு பெண்ணைக் காயப்படுத்தியவர் அதைத் தன் சொந்த விஷயம் என்று சொன்னால் அதற்கு நான் காவல் நிற்க மாட்டேன். ஒருவர் யாரைக் காதலிக்கிறார், எந்தச் சாதியில் பிறந்தார், என்ன நோய்க்கு மருந்து சாப்பிடுகிறார் என்பது வேறு. இன்னொருவர் உடம்பில் அவர் விட்ட தழும்பு வேறு. போர்வை முதல் வகைக்குத்தான்.

இனி மற்ற பாதி. எல்லோரும் போர்த்திக்கொண்டே இருந்தால் ஊர் எப்படிப் பழகும்? சாயக் கைக்காரர் பின்வரிசையிலேயே உட்கார்ந்திருந்தால் அடுத்த தலைமுறைச் சாயக் கைக்காரரும் அங்கேயே உட்கார வேண்டியதுதானே? நியாயமான கேள்வி. ஒதுக்கப்பட்ட கூட்டத்திலிருந்து ஒருவர் திரைக்கு வரும்போது அந்தக் கூட்டத்துப் பிள்ளைகள் அவரை எவ்வளவு பசியோடு பார்ப்பார்கள் என்பதை நான் அறிவேன். தன் சொந்த நிறத்தை இரண்டு ஷேடு ஏற்றாத ஒரு கதாநாயகியைத் திரையில் பார்க்க என் மகள் எத்தனை நாள் காத்திருந்தாள் என்பதும் தெரியும். அந்த ஷேடை ஏற்றுகிறவர்களில் நானும் ஒருவன்.

1968-இல் ஓர் இளம்பெண் ஸ்பாக்குக்குக் கடிதம் எழுதினாள். இளைஞர்களுக்கான ஒரு பத்திரிகை வழியாக வந்தது. தாய் கருப்பினத்தவர், தந்தை வெள்ளையர். கருப்பினப் பிள்ளைகளும் சேர்த்துக்கொள்வதில்லை, வெள்ளைப் பிள்ளைகளும் சேர்த்துக்கொள்வதில்லை. நீயும் இரண்டு இனத்துக்குப் பிறந்தவன்தானே என்று கேட்கிறாள். இனம் கடந்த திருமணத்தைத் தடுக்கும் மாநிலச் சட்டங்களை அமெரிக்க உச்சநீதிமன்றம் ரத்து செய்தது 1967 ஜூனில்தான். அந்தப் பெண்ணின் பெற்றோர் எந்தக் காலத்தில் சேர்ந்து வாழ்ந்தார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். நிமோய் நீளமாகப் பதில் எழுதினார். ஸ்பாக் சிறுவனாக இருந்தபோது இரண்டு பக்கத்திலும் சேர்க்கப்படாமல் நின்றதையும், எல்லோருக்கும் பிடித்தவனாக இருக்க வேண்டும் என்ற ஏக்கத்தை விட்டுவிட்டுத் தன் திறமையின் பக்கம் திரும்பியதையும் சொல்லி, உனக்கும் அது முடியும் என்றார். பாஸ்டன் தெருக்களில் யூதப் பையனாகத் தான் வாங்கிய வசவுகளை அவர் எடுத்துப் போட்டிருக்கலாம். அவள் ஸ்பாக்கிடம் கேட்டாள். ஸ்பாக்கின் வாழ்க்கையிலிருந்து பதில் கொடுத்தார். அந்தப் பெண்ணுக்கு வேண்டியது முழுதாகக் கிடைத்தது. நிமோயின் அந்தரங்கத்திலிருந்து ஒரு நூல்கூட உருவ வேண்டியிருக்கவில்லை.

தன் யூதத் தன்மையை வெளிப்படையாகச் சுமந்த வேலைகளும் அவர் செய்திருக்கிறார். ஆஷ்விட்ஸ் முகாமிலிருந்து உயிர் பிழைத்த மெல் மெர்மெல்ஸ்டைன், யூதப் படுகொலையே நடக்கவில்லை என்று வாதிட்டவர்களை நீதிமன்றத்துக்கு இழுத்தவர். அவர் கதையை 1991-இல் ‘நெவர் ஃபர்கெட்’ என்ற தொலைக்காட்சிப் படமாக எடுத்தபோது மெர்மெல்ஸ்டைனாக நடித்தவர் நிமோய். 2002-இல் ‘ஷெகினா’ என்ற புகைப்பட நூல் வெளியிட்டார். இறைவனின் பெண் வடிவத்தைத் தேடும் படங்கள். உடம்போடு தல்லித்தும் பிற வழிபாட்டுப் பொருள்களும் சேர்ந்து வருகின்றன. பழமைவாதிகள் கொதித்தார்கள், ஒரு நகரத்து யூத அமைப்பு தான் ஏற்பாடு செய்திருந்த அவர் கூட்டத்தையே கைவிட்டது. ஒரு கூட்டத்தின் முகமாக நிற்பவருக்கு இந்தச் சங்கடம் எப்போதும் உண்டு. வெளியாள் அவரை அந்தக் கூட்டத்தின் ஆளாகப் பார்ப்பார். கூட்டமோ நீ எங்களைச் சரியாகக் காட்டவில்லை என்று கணக்குக் கேட்கும். கடைசியில் நுரையீரல் நோய் வந்தபோது 2014-இல் அவரே அறிவித்தார். முப்பது ஆண்டுகளுக்கு முன்பே விட்ட சிகரெட்டால் வந்தது, நீங்களும் விட்டுவிடுங்கள் என்று சொல்வதற்காக அறிவித்தார். அடுத்த ஆண்டு பிப்ரவரி 27-இல் இறந்தார்.

இவற்றையெல்லாம்விட அவர் செய்த ஒரு காரியத்தை நான் மேலாக வைக்கிறேன். 1973-இல் ஸ்டார் ட்ரெக்கைக் கார்ட்டூன் தொடராக எடுத்தார்கள். கார்ட்டூனில் நடிகர் முகம் வராது, குரல் போதும். செலவைக் குறைக்க, கருப்பினப் பெண்ணான நிக்கெல் நிக்கல்ஸையும் ஜப்பானிய வம்சாவளியினரான ஜார்ஜ் டகேயையும் விட்டுவிட்டு, அவர்கள் பாத்திரங்களுக்கு வேறு இருவரை வைத்துக் குரல் கொடுத்துவிடலாம் என்று தயாரிப்பாளர்கள் திட்டமிட்டார்கள். பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியப்போவதில்லை. படம் வரைபவர் கருப்பாகத்தான் வரைவார். நிமோய் மறுத்துவிட்டார். பல இனத்தவரும் சேர்ந்து போகும் விண்வெளிக் கப்பல் என்பதுதான் இந்தக் கதை, அந்த இருவரும் இல்லையென்றால் நானும் இல்லை என்றார். ஸ்பாக் இல்லாமல் அந்தத் தொடரை விற்க முடியாது. இருவருக்கும் வேலை கிடைத்தது.

முகமே தெரியாத இடத்தில் அவர் இதற்காக நின்றார் என்பதுதான் எனக்கு முக்கியம். இன்று ஒரு நடிகரிடம் நாம் கேட்பதெல்லாம் அவர் முகத்தைத்தான். நீ யார், எந்த ஊர், யாரோடு வாழ்கிறாய், வெளியே வந்து சொல் என்கிறோம். சொல்லிவிட்டால் அவர் இனத்துக்கே நீதி கிடைத்துவிட்டதாகக் கைதட்டிவிட்டுக் கலைந்துபோகிறோம். அந்தத் தொடரின் எழுத்தாளர் மேசையில், எடிட்டிங் அறையில், சம்பளப் பட்டியலில் அவரைப் போன்றவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுவதில்லை. சாயத் தொழிலாளர்கள் பெரும்பான்மையாக இருக்கும் ஊரில் ஒரு பூசாரியும் தன் கையைப் பற்றி விளக்கம் சொல்ல வேண்டியதில்லை என்று அந்த ரபிகள் கண்டுகொண்டது இதைத்தான் என்று நினைக்கிறேன். ஊரை அப்படி ஆக்குவது வேலை கொடுக்கிறவர்களின் பொறுப்பு. வேலை கேட்டு வருகிறவரின் அழுகையைப் படம்பிடித்து அந்தப் பொறுப்பைக் கழிக்க முடியாது.

கார்ட்டூன் தொடர் 22 பகுதிகள் ஓடியது. 1975-இல் எம்மி விருதும் வாங்கியது. பழைய குழுவில் ஒருவருக்கு மட்டும், ரஷ்யராக நடித்த வால்ட்டர் கோனிக்குக்கு, குரல் கொடுக்க இடம் கிடைக்கவில்லை. ஒரு பகுதிக்குக் கதை எழுத மட்டும் அழைத்தார்கள், எழுதினார்.